பதினேழாவது நிமிடம்

பதிவு அலுவலகத்தில் கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அன்று மத்தியானமே அவர் வீட்டுக்குக் குடிபோனேன். இரண்டு பெட்டி, ஒரு கருவிப் பை. பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. பெட்டிகளை அவர் தூக்கிக்கொண்டார். கருவிப் பையை மட்டும் நான் யாரிடமும் கொடுப்பதில்லை. பதினான்கு வருடமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவள் நான்.

அவர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். 'இது தெளிவா இருக்கா? இல்ல, இதுவா?' என்று லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்கிற அந்தப் பொறுமையான குரலில்தான் விழுந்தேன். பவர் சரியில்லை என்று மூன்று முறை பொய் சொல்லிக்கொண்டு அந்தக் கடைக்குப் போயிருக்கிறேன். முதல் மனைவி காய்ச்சலில் இறந்து மூன்று வருடம் ஆகிறது என்று அவரே சொன்னார். பெரிய மனசு பண்ணுகிற மாதிரி தலையாட்டினேன். செத்துப்போனவளோடு எனக்கென்ன போட்டி என்று அப்போது நினைத்தேன்.

வீட்டைச் சுற்றிக் காட்டினார். கடைசியாகப் பின்னறை. அதன் ஒரே ஜன்னல், கட்டடத்தின் நடுவே கிணறு மாதிரி இறங்குகிற காற்றுச் சந்தைப் பார்த்திருந்தது. வெளிச்சம் வராது. யார் வீட்டிலோ குழாய் சொட்டுவதும், யாரோ இருமுவதும் மட்டும் வரும். பகலிலும் விளக்குப் போட வேண்டிய அறை. அங்கே ஒரு கம்ப்யூட்டர், அதற்கு முன்னால் ஒட்டிப் போட்ட இரண்டு நாற்காலிகள்.

"அவளே சேத்துக் கட்டுனது. ஒவ்வொண்ணா பாத்துப் பாத்து வாங்குனா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டர் கட்டுகிறவள் என்று அதுவரை அவர் சொல்லவே இல்லை. ஏதோ சமையலில் கெட்டிக்காரி, பாட்டுப் பாடுகிறவள் என்றால் தாங்கியிருப்பேன். என் தொழிலிலேயே ஒருத்தி எனக்கு முன்னால் வந்துவிட்டுப் போயிருக்கிறாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரே கூப்பிட்டார். "வாங்க, ஒரு கேம் இருக்கு. ரெண்டு பேர் விளையாடுறது."

பனிமலை ஏறுகிற விளையாட்டு. இரண்டு பேர் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். ஒருத்தர் வழுக்கினால் மற்றவர் பிடித்து நிறுத்த வேண்டும். ஞாயிறு தவறாமல் இருவரும் விளையாடியிருக்கிறார்கள். சிகரத்துக்குச் சற்றுக் கீழே ஒரு குகையில் சேமித்துவைத்து எழுந்தவர்கள், மறுபடி உட்காரவே இல்லை. அதற்கடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல்.

"அதுலேர்ந்தே போலாமா?" என்று தயங்கிக் கேட்டார்.

"போலாமே" என்றேன்.

அவள் விட்ட இடத்தில் நான் தொடங்கினேன். அவள் ஆட்டிவைத்த சிவப்புத் தொப்பிக்காரி இப்போது என் விரல் சொன்னபடி ஏறினாள். மோசமாக வழுக்கினேன். அவர் கயிற்றைப் பிடித்து நிறுத்தினார். அன்றுதான் அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன். நானும் சிரித்தேன்.

திரை அணைந்தது.

மிஷினின் விசிறிகள் நின்றன. ஒரு மூச்சு நேரம் அறையில் சத்தமே இல்லை. குழாய் சொட்டுவதுகூட நின்றிருந்தது. ஈரத் தலைமுடி காய்கிற வாசனை ஒன்று என் தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. பிறகு மிஷின் தானாகவே உயிர்பெற்று, முதலிலிருந்து தொடங்கியது.

"இதுக்கு முன்னாடி இப்படி ஆனதே இல்லைங்க" என்றார் அவர்.

"பழைய மிஷின்ல. நான் பாத்துக்கறேன்" என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவள் கட்டியதில் ஒரு பழுது.

மறுநாள் பக்க மூடியைக் கழற்றினேன். உள்ளே வயர்களை ஒன்றோடொன்று உரசாமல் இழுத்துக் கட்டியிருந்த நேர்த்தியைப் பார்த்து வயிறு எரிந்தது. நானே அவ்வளவு சுத்தமாகச் செய்ய மாட்டேன். மூடியின் உட்புறத்தில் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தது: 'நீ கை வைக்காதே! நான் பாத்துக்கறேன்.'

புருஷனுக்கு விளையாட்டாக எழுதியது. தெரியும். ஆனாலும் சிறிது நேரம் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

விளையாடும்போது மட்டும் மிஷின் தானாக அணைந்து எழுந்தால் பார்க்க வேண்டியவை எனக்கு அத்துப்படி. முதலில் சூடு. தூசியை ஊதி, பிராசஸருக்குப் புதுப் பசை தடவி, வெப்பநிலையைப் பதிவுசெய்தேன். அறுபத்து நான்கு டிகிரி, பிராசஸருக்கு அது சூடே இல்லை. குழந்தையின் நெற்றி மாதிரி சாது. கிராபிக்ஸ் கார்டும் தவறாக எதுவும் சொல்லவில்லை. மிஷினின் பதிவேட்டில் ஒரே ஒரு வரி: எச்சரிக்கை இல்லாமல் மின்சாரம் போயிற்று, வந்தது. விளையாட்டு அதிக மின்சாரம் இழுக்கும். பழைய பவர் சப்ளை தாங்காமல் கைவிட்டிருக்கும். புதியது மாட்டினேன்.

அடுத்த ஞாயிறு. பதினேழாவது நிமிடம். அணைந்தது.

மெமரியை மாற்றினேன். பதினேழாவது நிமிடம். கிராபிக்ஸ் கார்டை மாற்றினேன். பதினேழாவது நிமிடம். சுவர் பிளக்கின் எர்த்தைச் சோதித்தேன், யுபிஎஸ் வைத்தேன். ஒவ்வொரு முறையும் அந்த ஒரு மூச்சு நிசப்தம். அந்த ஈரமுடி வாசனை.

ஐந்தாவது ஞாயிறு, அணைந்த கறுப்புத் திரையில் எங்கள் இருவர் முகங்களும் தெரிந்தன. அவர் முகம் கவலையாக இருந்தது.

என் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

நான் சிரிக்கவில்லை.

கடையில் என் சீனியரிடம் சொன்னேன். எந்நேரமும் கழுத்தில் மல்டிமீட்டரைத் தொங்கவிட்டிருப்பதால் அவருக்கு மீட்டர் அண்ணன் என்று பெயர். திரையில் பார்த்ததைச் சொல்லவில்லை. பழுதை மட்டும் சொன்னேன். ஒரு நாள் வீட்டுக்கே வந்தார். நாங்கள் முறைப்படி ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தோம். கூட ஏறுகிறவரை மிஷினே ஆட்ட, என் கணவர் தனியாக விளையாடினால் ஒரு மணி நேரம் அணையாமல் ஓடியது. நான் தனியாக விளையாடினாலும் ஓடியது. மீட்டர் அண்ணனும் என் கணவரும் சேர்ந்து விளையாடினார்கள். பதினேழு நிமிடம் தாண்டியது, முப்பது தாண்டியது. அண்ணன் கீழே விழுந்து விழுந்து மலையையே கேவலப்படுத்தினார்.

"இப்ப நீ உக்காரும்மா" என்றார்.

உட்கார்ந்தேன். கையில் கடிகாரத்தைப் பிடித்தபடி அண்ணன் பின்னால் நின்றார்.

பதினேழாவது நிமிடம். அணைந்தது.

அண்ணன் கடிகாரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். படியிறங்கும்போது மெதுவாகக் கேட்டார். "அந்தப் பொண்ணு செத்துப்போயிருச்சுன்னு சொன்னேல்ல?"

"ஆமா."

"மிஷின்ல ஒண்ணுமில்லம்மா. நீ வேற ஏதாவது விளையாடேன், அவரோட. கேரம் விளையாடு."

வேறொருத்தியாக இருந்தால் கேட்டிருப்பாள். எனக்குப் பிடிவாதம் ஏறிவிட்டது. மதர்போர்டை மாற்றினேன். பிராசஸரை மாற்றினேன். மார்க்கர் எழுத்தோடு இருந்த அந்தப் பெட்டியையே பழைய இரும்புக்குப் போட்டேன். கீபோர்டு, மவுஸ், திரை, கடைசியில் வயர்கூட. அவள் தொட்ட ஒரு திருகாணிகூட அந்த அறையில் இருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கழித்தேன். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு தொழில் காரணம் சொன்னேன். அவர் ஒவ்வொரு பாகத்தையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "சரிங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

பழையதிலிருந்து புதியதற்கு வந்தது ஒன்றே ஒன்று. அந்தக் குகையில் அவர்கள் சேமித்துவைத்திருந்த ஆட்டம். ஒரு சின்னக் கோப்பு. ஒரு புகைப்படத்தைவிடச் சிறியது.

புதன்கிழமை காலை. அவர் கடைக்குப் போயிருந்தார். கோப்பைத் தேர்ந்தெடுத்தேன். அழிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்றேன். உறுதியாகவா என்று கேட்டது.

ஆமாம்.

ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு மினுங்கவில்லை, விசிறி நிற்கவில்லை. காற்றுச் சந்தில் யாரோ வாளியை இறக்கிவைத்தார்கள். அவ்வளவுதான். எழுந்தபோது என் தலைமுடி நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கையில் விழுந்தது. நான் அன்று தலைக்குக் குளிக்கவில்லை.

சாயங்காலம் அவரிடம் ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்றேன். அவர் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அரை மணி கழித்து முகம் கழுவி வந்தார்.

"பரவாயில்லைங்க. நாம முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்."

நாம் என்றார். அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை கோப்புகளை வேண்டுமானாலும் அழித்திருப்பேன்.

ஞாயிறன்று மூன்று மணிக்கு மலையடிவாரத்திலிருந்து ஏறத் தொடங்கினோம். பத்து நிமிடம். பதினைந்து. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பதினாறு. திரையின் மூலையிலிருந்த கடிகாரத்தையே பார்த்தேன். மூன்று மணி பதினேழு நிமிடம்.

மூன்று மணி இருபத்தொன்று.

நடுவில் இருந்த நான்கு நிமிடங்கள் எங்கே போயின என்று எனக்குத் தெரியவில்லை. மிஷின் அணையவில்லை. சிவப்புத் தொப்பிக்காரி நான் விட்ட இடத்துக்கு வெகு உயரத்தில் நின்றாள். என் கன்னங்கள் வலித்தன, நிறையச் சிரித்தால் வலிக்குமே, அப்படி.

அவர் விளையாடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"தூங்கிட்டேனா?"

"இல்லைங்க" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு விளையாட்டே தேவைப்படவில்லை. சேர்ந்து சாப்பிடும்போது, மாடியில் துணி உலர்த்தும்போது, எங்களுக்குள் கொஞ்சம் நெருக்கம் வந்து நான் சிரித்தால் போதும். என் நினைவு அறுந்துபோகும். திரும்பி வரும்போது துணிகள் மடித்து வைக்கப்பட்டிருக்கும், நான் மடிக்கிற மாதிரி அல்ல. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஒரு நாள், முழுதாக ஒரு மணி நேரம்.

நரம்பு டாக்டரிடம் போனேன். தலையை ஸ்கேன் எடுத்தார்கள், வயர் ஒட்டி அலைகளைப் பார்த்தார்கள். எல்லாம் நார்மல் என்றார் டாக்டர். நானும் வாடிக்கையாளர்களிடம் இதையேதான் சொல்லியிருக்கிறேன்: உங்க மிஷின்ல ஒண்ணும் இல்லீங்க.

அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார். பெட்டியின் அடியிலிருந்து ஒரு நீலச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டார். எனக்காக ஒரு நாளும் அப்படி உடுத்தியதில்லை. என்னைச் சிரிக்கவைக்க மெனக்கெட்டார். கடையில் நடந்த கதையெல்லாம் சொன்னார். நான் சிரிக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புருஷன் சொல்கிற நகைச்சுவைக்குச் சிரிக்கப் பயந்த பொண்டாட்டி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு ஞாயிறு மறந்துபோய்ச் சிரித்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். "நீ மாறவே இல்லடி" என்றது அவர் வாய். அப்படி ஒரு குழைவான குரலை நான் கேட்டதே இல்லை. அவர் என் கண்களைப் பார்த்தார். கண்களைப் பார்ப்பதுதானே அவர் தொழில். உள்ளே இருப்பது நான்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவர் முகம் விழுந்தது.

"உங்களுக்குத் தண்ணி கொண்டுவரட்டுமா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அடுத்த வாரம் போனில் குரல் பதிவைப் போட்டு மேசைக்கடியில் ஒட்டிவைத்தேன். வேண்டுமென்றே சிரித்தேன். பிறகு குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கேட்டேன்.

என் குரல்தான். ஆனால் நான் பேசாத வேகத்தில், நான் அறியாத செல்லப் பெயரால் அவரைக் கூப்பிட்டது. ஏதோ பழைய கதை சொல்லி இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, பூட்டிய அறைக்கு வெளியே நிற்கிற மாதிரி இருந்தது. கடைசியில் சிரிப்பு அடங்கியது.

"இன்னும் கொஞ்சம் இரேன்" என்றார் அவர்.

"வேணாம்" என்று கிசுகிசுத்தது என் குரல். "அவங்க வந்துடுவாங்க."

அவங்க.

என்னைத்தான்.

கதவைத் திறந்துகொண்டு போய்ப் போனை அவர் முன்னால் வைத்தேன். அவர் முழுதும் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் நாளே. கண்ணைப் பாத்தே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லல?"

அவர் போனை என் பக்கம் தள்ளினார். "சொன்னா சரி பண்ணிடுவீங்க. நீங்க எதையும் சரி பண்ணிடுவீங்க."

கோபத்தில், அவர்கள் சேமித்த ஆட்டத்தை அழித்தது நான்தான் என்று அவரிடம் கத்திச் சொன்னேன். அவர் அதிர்ந்துபோவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவளை மிஷினிலிருந்து எனக்குள் வரவிட்டதே நான்தான் என்பதுபோல, அவர் என்னை நன்றியோடு பார்த்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்றே கிளம்பிவிட்டேன். அக்கா வேறு ஊரில் இருக்கிறாள், ஆறு மணி நேர பஸ் பயணம். தையல் கடை வைத்திருக்கிறாள். கடைக்குப் பின்னால்தான் வீடு. 'புருஷனோட சண்டையா?' என்று ஒரே ஒரு முறை கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குமேல் கிளறவில்லை. பட்டன் துளைக்குக் காஜா எடுக்கவும் பட்டன் தைக்கவும் வேலை கொடுத்தாள்.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. அக்கா பேச்சுக்கு எவ்வளவு சிரித்தாலும் ஒரு நிமிடம்கூடத் தொலையவில்லை. கடிகாரமும் நானும் ஒன்றாகவே ஓடினோம். மீட்டர் அண்ணனுக்குப் போன் பண்ணி, அடுத்த மாதம் வேலைக்கு வருகிறேன், கடை மாடியில் ஒரு அறை பார்த்துவையுங்கள் என்றேன். ராத்திரியெல்லாம் நிம்மதியாகத் தூங்கினேன், பத்தாம் நாள் மத்தியானம்கூடக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். அவரை நினைத்தால் வயிற்றில் எரிந்துகொண்டிருந்த இடம்கூட ஆறிவருகிற மாதிரி இருந்தது.

பதினோராம் நாள் காலை, அக்கா எனக்குக் காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள்.

"நேத்து மத்தியானம் என்கூட எதுக்குடி விளையாடுன?"

"என்ன விளையாட்டு?"

"தெரியாத மாதிரி கேக்கறே. நான் தையல் மிஷின்ல உக்காந்திருந்தேன். தலைக்குக் குளிச்சிட்டு ஈர முடியோட வந்து நின்னே. பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போகணும்னு கேட்ட. எங்கடி கிளம்பிட்டேன்னு கேட்டா, வீட்டுக்குப் போகணும், அவர் தனியா இருப்பாருன்னு சொல்ற. நான் தமாஷ்னு நினைச்சு சிரிச்சேன். நீ சிரிக்கவே இல்ல."

கையிலிருந்த டம்ளரை மேசையில் வைத்தேன்.

"அப்புறம்?"

"அப்புறம் சுத்தும் முத்தும் பாத்துட்டு, என் கையைப் பிடிச்சு, யாரோ மூணாம் மனுஷிகிட்ட பேசற மாதிரி சொன்னே."

"என்ன சொன்னேன்?"

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"'இவ்வளவு நாள் என்னை வெச்சுக்கிட்டதுக்கு ரொம்ப நன்றிங்க. உங்க தங்கச்சியை மட்டும் இனிமே தேடாதீங்க'ன்னே."